நாலாம் நம்பர் படத்தின் முடிவு

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. நடந்து வந்து நடுவில் சந்தித்து, ஒருவர் தன் முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து அடிமடிப்பை எடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அலமாரிக் கதவு போதும் என்று கண்டுபிடித்தவர் மடிப்பு. இரண்டு முனைகளை உள்ளே வைத்துச் சாத்தினால் கதவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். என்ன, அது நடந்து வராது. இவர்தான் போக வேண்டும்.

மடிப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பயணிகள் கப்பலின் சலவை அறையில் பத்தொன்பது வருடம் வேலை. அவர் மடித்து வைத்த துண்டின் ஓரத்தில் விரல் வைத்தால் ரத்தம் வரும் என்று ஒருவர் கிளப்பிவிட, பெயர் ஒட்டிக்கொண்டது. கிளப்பிவிட்டவர் ரேடியோ. விரிப்பின் மறுமுனையைப் பிடித்த ஆள். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்தவர்போல நாள் முழுக்கப் பேசுவார். அந்தப் பெயரை வைத்தது மடிப்பு. பழிக்குப் பழி.

சலவை அறை கப்பலின் அடிவயிற்றில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கடல்மேல் இருக்கிறோம் என்பதே வாளித் தண்ணீர் ஆடுவதைப் பார்த்துத்தான் தெரியும். கரை தட்டினால் மூன்று மணி நேரம் விடுதலை. மற்றவர்கள் சென்ட்டும் வாட்சும் வாங்க ஓடுவார்கள். இவர்கள் இருவரும் டிவிடி கடையில், யாரும் சீந்தாத படங்களைக் கொட்டி வைத்திருக்கும் தொட்டியில் தலையை விடுவார்கள். அட்டைப் படம் பிடித்தால் வாங்குவது. என்ன பாஷை என்றுகூடப் பார்ப்பதில்லை.

"எனக்கு எல்லா பாஷையும் பாதி தெரியும்டா" என்பார் ரேடியோ. "மீதிப் பாதி மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

கப்பலில் இருந்த பழைய மெஷின் எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் ஓட்டியது. ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார். இவன் அவளுக்கு மாமன் முறை, அந்தக் கிழவனுக்கு ரெண்டு சம்சாரம், இப்போ அழுறாளே அது மூத்தவளோட மக. அடியில் எழுத்துப் போட்டுப் பார்க்கலாமே என்று மடிப்பு ஒருமுறை கேட்டார். "எழுத்து போட்டா மூஞ்சி மறைஞ்சிடும்" என்றார் ரேடியோ. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியாகப் பார்த்த படத்தின் அட்டையில் ஒரு ரயில் நிலையம். நெட்டையாக ஒருவன், கையில் தகரப் பெட்டி. டிக்கெட் கொடுக்கும் பெண்ணை ஒளிந்து ஒளிந்து பார்க்கிறான். "தங்கச்சிடா அவ. சின்ன வயசுலயே வீட்ட விட்டு ஓடிப்போனவன் இவன். அவளுக்கு அடையாளம் தெரியல" என்றார் ரேடியோ. படம் பாதியில் நிற்க, ஈர விரிப்பு மூட்டையைத் தூக்க ஒரு நிமிடம் எழுந்துபோனவர் குனிந்தது குனிந்தபடியே நின்றார். முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. அடுத்த துறைமுகத்தில் ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் முடிவப் பாக்காத. உனக்குத் தப்புத் தப்பாப் புரியும்" என்று படுத்தபடியே கத்தினார்.

திரும்பி வரவில்லை. வேறொரு நாட்டில் மகன் வீட்டுக் கட்டிலோடு ஒதுங்கிவிட்டார். மடிப்பு முடிவைப் பார்க்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. ஒரு பெட்டித் துணி, இரண்டு பெட்டி டிவிடியோடு வீட்டுக்கு வந்தார்.

வீடு என்று தங்கை வீட்டைத்தான் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம் கப்பல் கிளம்பிவிட்டதால் மடிப்புக்கு வேறு வீடு அமையவில்லை. ஏழு வருடம் கழித்து ஒரு விடுமுறையில் வந்து கதவைத் தட்டியபோது, தங்கை பாதிக் கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்றாள். அப்புறம் ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. இன்றும் வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். மடிப்பும் சேர்ந்து சிரிப்பார். கப்பலை விட்டு வந்ததும் அவள் வீட்டில் தங்காமல் இரண்டு தெரு தள்ளி மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு லாட்ஜின் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே மடிப்பதற்கு மெஷின் இருந்தது. துணியை நேராக உள்ளே தள்ளுவது மட்டும்தான் இவர் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோ போன் செய்தார்.

"வியாழக்கிழமை முதுக அறுக்கப் போறாங்கடா."

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல. மயக்க ஊசி போட்டுத் தூங்க வெப்பாங்களாம். அந்த நெட்டையன் தங்கச்சிகிட்ட சொன்னானா இல்லையான்னு தெரியாம எப்படிடா போய்ப் படுக்கறது? நீயே பாத்துட்டுச் சொல்லு."

இது ஒரு பெரிய காரியமா என்று மடிப்பு டிவிடி பிளேயர் ஒன்று வாங்கி வந்தார். அது டிஸ்க்கை உள்ளே இழுத்து, கொஞ்சம் மென்று, திரும்பத் துப்பியது. அடுத்ததைப் போட்டார். அதையும் துப்பியது. பிளேயரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனார். கடைக்காரி திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு உறையின் பின்பக்கத்தைக் காட்டினாள். சின்ன உருண்டை பூமி, அதற்குள் ஒரு எண்.

"உலகத்தையே ஆறு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, அண்ணாச்சி. ஒரு துண்டுல வித்தது இன்னொரு துண்டுல ஓடாது."

"கப்பல்ல ஓடிச்சேம்மா."

"கப்பல் எந்த ஊருன்னு அதுக்கே தெரியாதுல்ல, அதான் ஓடிருக்கு."

பிளேயரை எடுத்துக்கொண்டு பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்தாள். அது எண்ணை மாற்றிக்கொள்ளும், கேட்டால் சரி என்று அமுக்குங்கள் என்றாள். இன்னொன்றையும் சொன்னாள். மடிப்பு அதற்குள் படியிறங்கிவிட்டார்.

முதலில் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா பார்ப்போம் என்று கைக்கு வந்த டிஸ்க்கைப் போட்டார். ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. சரி. ஓடியது! குழந்தைபோல அடுத்த நாட்டு டிஸ்க்கைப் போட்டார். சரி. இன்னொன்று. சரி. இன்னொன்று. நாலாவது முறை கட்டத்துக்குள் ஒரு எண் குறைந்துகொண்டே வருவது கண்ணில் பட்டது. மீதி: 1.

மறுநாள் கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அஞ்சே அஞ்சு தடவைதான் மாத்தலாம்னு கத்துனேனே! நாலு தடவைய ஒரே சாயங்காலத்துல முடிச்சிட்டு வந்து நிக்கறீங்க. அடுத்து எந்த நம்பர் வெக்கறீங்களோ, ஆயுசுக்கும் அதுதான்."

"வேற மெஷின்?"

"இந்தக் காலத்துல டிஸ்க் பாக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காக யாரு செய்வா?"

அறைக்கு வந்து டிவிடிகளைத் தரையில் பரப்பி, வெள்ளைத் துணி, கலர் துணி பிரிப்பதுபோல எண் எண்ணாகப் பிரித்தார். இரண்டாம் எண்ணில் மட்டும் இருபத்தாறு. தினம் ஒன்று பார்த்தாலும் ஒரு மாதச் சாயங்காலம் ஓடிவிடும். லாட்ஜிலிருந்து ஐந்து மணிக்கு வந்தால் தூக்கம் வரும்வரை அறையில் என்ன செய்வது என்பது மடிப்புக்கு மட்டும் தெரிந்த கஷ்டம். நாலாம் எண்ணில் ஒன்றே ஒன்று. ரயில் நிலையம்.

இருபத்தாறையும் ஓரம் தட்டி அடுக்கினார். ரயில் நிலையத்தை எடுத்துப் போட்டார். சரி என்று அமுக்கியபோது கண்ணை மூடிக்கொண்டார்.

விட்ட இடத்திலிருந்து படம் ஓடியது. நெட்டையன் வந்தான், அவள் வந்தாள், ஏதோ பேசிக்கொண்டார்கள். மடிப்புக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பக்கத்தில் நாற்காலி சும்மா இருந்தது. வேறு வழியில்லாமல் எழுத்தைப் போட்டார். இங்கிலீஷ் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, விரலால் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

நெட்டையன் அண்ணனே இல்லை. கடிகாரத் திருடன். பெட்டி முழுக்கக் கடிகாரம். அந்தப் பெண் அவனை ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டு, கடைசியில் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறாள். படம் முடிந்தது.

மடிப்பு முதல் பாதியையும் எழுத்தோடு பார்த்தார். அதிலும் அண்ணன் இல்லை, தங்கை இல்லை, மாமன் முறை, மச்சான் முறை ஒன்றுமே இல்லை.

"அடப்பாவி! பாதி பாஷையாவது தெரியும்னு நம்பினேனேடா" என்றார் சத்தமாக.

ரேடியோவோடு உட்கார்ந்து பார்த்த ஒன்பது வருடப் படங்கள். மூத்தவளின் மகளுக்காக ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாரே, அவள் யாரோ? இனிமேல் பார்க்கவும் வழியில்லை. முதலில் கோபம் வந்தது. அப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் போன் போட்டார்.

"பாத்தியா?" முதல் மணிக்கே எடுத்துவிட்டார் ரேடியோ.

"பாத்தேன்."

"சொன்னானா?"

மடிப்பு மடியில் கிடந்த துண்டை நாலாக மடித்தார். பிரித்தார். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததையெல்லாம் ஒதுக்கி வைத்தார்.

"மழை பேயுது. கடைசி ரயில் நிக்குது. அவன் கவுண்டருக்கு எதிர்ல போய் நிக்கறான்."

"ம்."

"அவ நிமிர்ந்து பாத்து, யாரு வேணும்னு கேக்கறா."

"ஐயோ."

"இவன் வாயத் திறக்கறான். வார்த்தை வரல. ரயில் எத்தனை மணிக்குன்னு கேக்கறான். அவ சொல்றா. போய் ஏறிட்டான்."

"ரயில் போயிடுச்சா?"

"போயிடுச்சு. பெட்டிய மட்டும் கவுண்டர்லயே மறந்து வெச்சிட்டான். அவ தெறந்து பாக்கறதுக்குள்ள படம் முடிஞ்சிடுச்சு."

ரேடியோ இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து மடிப்பு பார்த்ததில்லை.

"எழுத்து போட்டுப் பாத்தியாடா?"

"எழுத்து போட்டா மூஞ்சி மறையும்னு நீதான சொன்ன."

"அதானே" என்றார் ரேடியோ. குரல் கொஞ்சம் கரகரத்தது. "அவன் அப்படித்தான் போவான்னு எனக்குத் தெரியும். சரி, நான் கண்ணு முழிச்சதும் அடுத்த படம் சொல்லு. நாள் பூரா குப்புறப் படுத்துக் கெடக்கணுமாம்."

போனை வைத்த பிறகு மடிப்பு துவைத்த விரிப்பின் இரண்டு முனைகளை அலமாரிக் கதவில் வைத்துச் சாத்தினார். இருபத்தாறில் மேலே இருந்ததை எடுத்து அட்டையைப் பார்த்தார். பாலத்தின்மேல் ஒரு கிழவி. பக்கத்தில் நாய். தூரத்தில் சைக்கிளில் ஒருவன்.

"இந்தக் கிழவி இருக்காளே" என்று கதவைப் பார்த்து ஆரம்பித்தார், "இவ அந்த சைக்கிள்காரனுக்கு..."

என்ன முறை என்று இன்னும் பிடிபடவில்லை. விரிப்பை இழுத்துப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே நின்றார்.