ஈரம் காயாத சோபா

அந்த சோபாவில் தலை சாய்கிற இடத்தில் மூன்று கறுப்பு வட்டங்கள் இருந்தன. இந்தத் தீவிலிருந்து மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போகிற ஆபீசர்கள் கப்பலில் ஏற்ற முடியாததை இங்கேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான். எங்களுக்கு வாய்த்தது வெளிர்பச்சைத் துணி போட்ட சோபா. இரண்டு வட்டம் அந்த ஆபீசர் வீட்டுத் தலையெண்ணெய், ஒன்று என் வீட்டுக்காரருடையது. மற்ற வீடுகளில் துண்டு போட்டு மூடுவார்கள். நான் மூட மாட்டேன். மூடி வைக்க சோபா எதற்கு?

இப்போது வீட்டில் இருப்பது வேறு சோபா. மருமகள் நுரை அடிக்கிற டப்பா வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு அது வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் முகப்பவுடரைத் தூவிக் கொஞ்ச நேரம் விட்டு, தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பேன். பிழியும்போதெல்லாம் என் நாத்தனார் ஞாபகம்தான்.

என் வீட்டுக்காரரின் தங்கை அவள். வடக்கே லாங் ஐலண்ட் தீவில் என் மாமனாரோடு இருந்தவள், அவர் போன பிறகு எங்களிடம் வந்தாள். தண்ணீர் ஊற்றாத சுத்தம் அவளுக்குச் சுத்தமே இல்லை. வாசல், ஜன்னல், செருப்பு எல்லாவற்றுக்கும் ஒரு வாளி. அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்தன. கடைசியாகத் திக்லிபூரிலிருந்து ஒரு இடம், பாக்குத் தோட்டக்காரர்கள். இதுவும் போனால் இனி யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் பஜாருக்குப் போய்த் திரும்பினால், வட்டங்களைக் காணோம்! துணி புதுசு போல இருந்தது.

"எப்படிடீ?" என்றேன்.

"வாளித் தண்ணி ஊத்தி பிரஷ் போட்டேன் அண்ணி. பஸ், அவ்ளோதான், போயிருச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடைமழைக் காலம். ராத்திரி முழுக்க ஃபேனைச் சுழலவிட்டோம். காலையில் தடவிப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. உள்ளே இருந்த பஞ்சு குடித்த தண்ணீர் யாருக்குத் தெரியும்?

பையனின் அம்மா நல்ல கனத்த உடம்பு. பஸ்ஸில் வந்த அலுப்பில், "அப்பாடா" என்று சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் எழுந்தார்.

"பாப்ரே! முதுகெல்லாம் தண்ணி! ஏம்மா, கூரை ஒழுகுதா உங்களுக்கு?"

பட்டு ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மேலே அண்ணாந்து பார்த்தார். ஆமாம், ஒழுகுகிறது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூரை ஒழுகலம்மா. நான்தான் சோபாவக் கழுவுனேன். காயல."

பெண் பார்க்க வந்த இடத்தில், கூப்பிடுமுன் பெண் பேசுவாளா?

"சோபாவ யாராவது தண்ணி ஊத்திக் கழுவுவாங்களா?" என்றார் அந்த அம்மா.

"எண்ணெக்கறை இருந்துச்சு. அதுல எப்படி உங்கள உக்கார வைக்கிறது?"

அதுவரை தலை நிமிராத பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அம்மா, நம்ம வீட்ல படாக் மர நாற்காலிதான இருக்கு. எத்தனை வாளி ஊத்துனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த அம்மா அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஈர முதுகோடு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "டீக் ஹை, ஊத்தட்டும். முதல்ல எனக்கு ஒரு மாத்து ரவிக்கை குடுங்க" என்றார். என் ரவிக்கை அவருக்கு எங்கே பத்தும்? என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தட்டு மாற்றினார்.

நாத்தனார் காலமாகி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. போன மாதம் திக்லிபூருக்குப் போயிருந்தேன். அந்த நாற்காலிகளில் படாக் மரத்தின் சிவப்பெல்லாம் வெளுத்து, சாய்கிற இடம் வழவழவென்று இருந்தது. வாசலில் அவள் வீட்டுக்காரர் வாளியும் கையுமாக நின்று அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காயட்டும் அக்கா, அப்புறம் உக்காரலாம்" என்றார்.

நான் காத்திருக்கவில்லை. ஈரத்தோடே உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.