ஆடி அடங்கும் எண்

நான் எழுதும் புரோகிராம்கள் யாரையும் நம்பாது. செல்பேசி எண் கேட்கும் பெட்டி, பத்து இலக்கம் வந்த பிறகும் அது நிஜமான எண்தானா என்று ஒரு தடவை முகர்ந்து பார்க்கும். 'சேமி' பட்டன் ஒருமுறை அழுத்தியதும் தானாக மங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் ஒருமுறை அழுத்திவிட்டு நிற்க மாட்டார்கள். முதல் அழுத்து போய்ச் சேர்ந்ததோ என்னவோ என்று இன்னொன்று, அப்புறம் மனத்திருப்திக்கு ஒன்று. இந்தத் தொழிலுக்குச் சந்தேகம்தான் முதல். எனக்கு அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைத்தது. பூட்டிய கதவை அப்பா இழுத்துப் பார்ப்பார். அப்பா சரியாக இழுத்துப் பார்த்தாரா என்று அம்மா போய்ப் பார்ப்பாள்.

நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை எனக்கு ஆபீஸ். ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, வாழைக்குலை மொத்த வியாபாரம் என்று சின்ன இடங்களுக்கு விண்டோஸ் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். உலகம் இணையத்துக்குப் போய்விட்டது, உண்மைதான். மழை சாரலடித்தாலே நெட் போய்விடுகிற இடங்களுக்கு இன்னும் நான்தான் கதி. ஒவ்வொரு கடைக்கும் எல்லாவற்றையும் புதிதாக எழுதினால் கட்டுப்படியாகாது. அதனால் திரையில் வரும் பெட்டி, பட்டன், நாட்காட்டி இவற்றையெல்லாம் ஒரு தடவை சொந்தமாகச் செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் எடுத்துப் பொருத்திவிடுவேன். கண்ட்ரோல் என்போம். புட்டு அவிக்கும் குற்றி மாதிரிதான். உள்ளே அரிசி மாவா கோதுமை மாவா என்பது அந்தந்த வீட்டுப் பாடு.

அவற்றில் என் செல்லப்பிள்ளை எண் காட்டும் கண்ட்ரோல் ஒன்று. ஆஸ்பத்திரி டோக்கனுக்காகச் செய்தது. புது எண் சட்டென்று வந்து நிற்காது. பூஜ்யத்திலிருந்து ஓடிவந்து, கடைசியில் வேகம் குறைந்து, மெதுவாக நிற்கும். அந்த ஓட்டத்தில் நோயாளிகளின் கண் தானாகத் திரைக்குப் போகும். அது எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை வெளியிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். அந்த மெதுவாக நிற்கும் அழகுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் அக்கா குன்னத்துகால் பக்கம் ஒரு பால் சங்கத்தில் கிளார்க். பல வருடமாகத் தற்காலிக வேலைதான். அத்தானுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு ரப்பர் வெட்டப் போக முடியாது. வீடு நடப்பது அவள் சம்பளத்தில். ஓணம் கழிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகச் சங்கத்து போர்டில் பேச்சு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சங்கத்துத் தராசின் சின்னத் திரை பால் பட்டுப் பட்டு மங்கி, ஒருநாள் அணைந்தே போனது. அக்கா சொல்லி நான் போனேன். தராசிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர் இழுத்து, பால் கொண்டுவருகிறவர்கள் பார்க்கிற மாதிரி பெரிய திரை ஒன்றைச் சுவரில் மாட்டி, அதில் என் செல்லப்பிள்ளையைப் பொருத்தினேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வயசானவர்கள் ஆயிற்றே என்று வேகத்தை நன்றாகக் குறைத்தும் வைத்தேன். கேனைத் தராசில் வைத்தால் எண் பூஜ்யத்திலிருந்து நிதானமாக ஏறி, கடைசியில் இன்னும் நிதானமாகி நிற்கும். நின்றதும் அக்கா மவுஸைத் தட்டிச் சேமிப்பாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் தாண்டவில்லை. ஏதோ ஒயர் சரிபார்க்க நான் போயிருந்த காலை, ஒருவர் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் இரண்டு பசு. சர்வீஸ் முழுக்கச் சில்லறைக்கும் செக்கிங்குக்கும் இடையில் நின்ற மனிதர். யார் முகத்தையும் முழுதாக நம்பிப் பழக்கமில்லை.

"எலே மக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஏறிட்டு இருந்த நம்பரு எதுக்குலே நின்னுது?"

"எடை அவ்வளவுதான் மாமா."

"அது இல்ல. நல்லா ஏறி வருது. அப்பிடியே சவுட்டிப் பிடிச்ச மாதிரி பைய பைய நிக்குது. நான் எத்தன வண்டியில போனவன். பிரேக்கு பிடிக்காம வண்டி அப்பிடி நிக்காது. ஆரோ பிரேக்கு பிடிக்குதாவ."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே காட்டினார். "உனக்க அக்காளுக்க கைய பாரு. நம்பரு நிக்க நேரம் கை அந்த எலி மேலயாக்கும் இருக்குது. எப்பவும்."

எண் நின்ற பிறகு சேமிக்கத்தான் கை அங்கே காத்திருக்கிறது என்று விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். விளக்கம் நீளமானதே அவருக்குத் தப்பாகப் பட்டது என்பது, அவர் தலையாட்டிய விதத்தில் தெரிந்தது.

பேச்சு பரவியது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்பார்கள். இங்கே பாலுக்கு நடுவிலேயே நின்றும் அந்தக் கதிதான். போர்டுக்கு ஒரு மனு போனது. ஆறு மாதத்துக்கு முன் அவளை வாழ்த்திப் பேசிய சங்கத்து பிரசிடெண்ட், நிரந்தரம் செய்யும் விஷயத்தை 'இது ஒன்று தெளியட்டும்' என்று தள்ளிவைத்தார். தெளியாவிட்டால் இருக்கிற வேலையும் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் எனக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். கண்டக்டரை நான் மனத்துக்குள் திட்டினேன். ஆனால் அவர் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை. அத்தானுக்கு மருந்துச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததே எனக்கு உறுத்தியது. என் புரோகிராமில் எண்ணை நிறுத்தும் வழி எதுவும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், எழுதியவனே நான். தெரிந்தும் மறுநாள் காலை ஒரு சாக்கு வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய், கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து ஒயரைத் தொட்டுக்கொண்டு, அவள் கையைப் பார்த்தேன். கேன் வந்தது, எண் ஏறியது, நின்றது, விரல் தட்டியது. அடுத்த கேன். அடுத்தது.

கூட்டம் குறைந்ததும் அக்கா திரும்பாமலே சொன்னாள். "ஒயரு அந்தப் பக்கம் இல்லா இருக்கு. நீ எனக்க கையயா பாக்குத?"

"இல்லக்கா."

"செரி. வீட்டுக்குப் போ."

அன்று எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை. ராப்பகலாக யோசித்து, எண்ணின் ஓட்டத்தையே எடுத்துவிட்டேன். கேன் வைத்தால் எடை பட்டென்று விழும். பிரேக்கும் இல்லை, பெடலும் இல்லை. அவசரத்தில் செய்ததால் கண்ட்ரோலின் மூல வடிவத்திலேயே கை வைத்துவிட்டேன். தாயை மாற்றினால் அதிலிருந்து பிறந்த பிள்ளைகள் எல்லாம் மாறும். இந்தத் தொழிலின் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஆஸ்பத்திரிக்குப் போட்ட அடுத்த அப்டேட்டோடு டோக்கனும் ஓடுவதை நிறுத்த, எண் மாறியதே தெரியாமல் எங்கள் முறை போய்விட்டது என்று நோயாளிகள் ரிசப்ஷன் பெண்ணோடு சண்டைக்கு நின்றார்களாம். அவள் போனில் என்னிடம் சண்டைக்கு நின்றாள்.

பால் சங்கத்தில் அதைவிட மோசம். "முன்னெல்லாம் கொஞ்சமாவது எண்ணிப் பாத்தது," என்றார் கண்டக்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்ப எண்ணவே இல்ல. கேனு வைக்கதுக்குள்ள நம்பரு ரெடி. நேரத்தே எழுதி வச்சாச்சு, கேட்டியளா?"

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

பிரசிடெண்ட் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். குலைக் கடையிலிருந்து கண்டக்டரே எடைக்கல் கொண்டுவந்தார். போர்டு ஆட்கள் முன்னால் ஒவ்வொரு கல்லாகத் தராசில் வைத்தார். திரையில் கிராம் பிசகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குச் செரியாத்தான் வரும்," என்றார் அவர். "ஒக்கேரும் பாத்துட்டு நிக்குதோம் இல்லா." குரலில் கோபம் இல்லை. அனுபவம்தான் இருந்தது. செக்கிங் ஏறுகிற அன்றைக்கு எந்த பஸ்ஸிலும் ஒரு பைசா குறையாது என்பது அவருக்குத் தெரியாததா. கிளம்பும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்க முடியாமல், பெரிய கல் ஒன்றை, அப்புறம் வந்து எடுக்கிறேன் என்று மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த போர்டு கூட்டத்தில் முடிவு என்றார் பிரசிடெண்ட்.

அந்த வாரம் பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்க நின்றேன். தொங்குதராசு, வட்ட முகம், முள். கடைக்காரி கொக்கியில் பையை மாட்டியதும் முள் துள்ளிப்போய் அந்தப் பக்கம் நின்று, திரும்பி இந்தப் பக்கம் வந்து, நடுங்கி, அடங்கியது. அத்தனை நேரமும் எனக்கு முன்னால் நின்ற கிழவர் மூச்சுவிடாமல் முள்ளையே பார்த்தார். முள் நின்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் பையை வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தராசில் முத்திரை இருந்ததா என்று கூட அவர் பார்க்கவில்லை. அடுத்தவரும் அப்படித்தான். என் முறை வந்தபோது நானும் அப்படித்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தாய்க்கு அதன் பழைய ஓட்டத்தைத் திருப்பிக் கொடுத்து ஆஸ்பத்திரியைச் சமாதானம் செய்தேன். பிறகு அதிலிருந்து சங்கத்துக்கு மட்டும் ஒரு பிள்ளையைப் பிறப்பித்து, எண் வந்துசேரும் விதத்தை மட்டும் மாற்றி எழுதினேன். சங்கத்துத் தராசு, எடை நிலைத்த பிறகு ஒரே ஒரு எண்ணைத்தான் அனுப்பும். அதற்கு ஆட்டம் கிடையாது. ஆட்டத்தை நான் எழுதினேன். எண் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அதைவிடக் கொஞ்சமாகக் கூடும், பிறகு உண்மையான எடையில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடினால் கண்டக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று, ஆட்டம் கேனுக்குக் கேன் மாறும்படியும் செய்தேன்.

மாட்டிய அன்று காலை கண்டக்டர் கேனை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். எண் ஆடியது. அவர் தலையும் கூடவே லேசாக ஆடியது. அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். "இது தராசு மாதிரி உண்டு."

மனுவைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் அக்காவை நிரந்தரமாக்கினார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பலர் அவளிடம் முன்பிருந்ததைவிடக் கூடுதல் பிரியமாகப் பேசினார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா பாயசத்தோடு வீட்டுக்கு வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எத்தனை நாளுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தராசுக்கு உள்ள புதுசா என்னவோ மாத்தினியே, ஆரு பணம் குடுத்தா? சங்கமா?"

"தராசு பழசுதான்க்கா."

"பின்னே முன்ன ஆடல்லியே. இப்ப ஆடுது."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்த வேலையைச் சொல்லிக்காட்டாமல் இருக்க எனக்கு வராது. சந்தைத் தராசு, முள், கிழவர், மாறி மாறி வரும் ஆட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசிப்பாள் என்று நினைத்தேன். பாதியிலேயே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப அந்த ஆட்டம் கள்ளமாக்கும்."

"கடைசியில நிக்கிற எண் உண்மைக்கா. அது மாறவே மாறாது."

"அத நீதான சொல்லுத."

"பின்ன ஆரு சொல்லணும்?"

அவள் எழுந்தாள். காலியான பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "நான் பேயி மாதிரி அந்த நம்பரத் தட்டித் தட்டி வச்சிட்டு இருக்கேன்," என்று படியிறங்கும்போது சொன்னாள். "செரி, வாறேன்."

சில மாதம் கழித்து ஒரு அப்டேட் போட சங்கத்துக்குப் போனேன். கூட்டம் தொடங்கவில்லை. அக்கா தராசுக்கு முன்னால் குனிந்து நின்றாள். கண்டக்டர் திரும்ப வந்து எடுக்கவே எடுக்காத அந்தப் பெரிய எடைக்கல் தராசின்மேல் இருந்தது. திரையில் எண் ஆடி அடங்கும்வரை பார்த்துவிட்டு, கல்லைத் தூக்கி மேசைக்கடியில் வைத்தாள். தூக்கின விதத்தில் அது அன்றாட வேலை என்று தெரிந்தது.

உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். அக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். சாயா வேண்டுமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். நேரம் போயிற்று; கேட்கவில்லை. அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழும் இடைவெளியில், திரையின் கறுப்பில் அவள் முகம் ஒரு கணம் தெரிந்தது. மவுஸின் மேலிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.