இறங்கியவர்கள் சாப்பிடுவதில்லை

சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்குப் பசியே எடுக்காதோ என்று ரொம்ப நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எடுக்கும், நன்றாகவே எடுக்கும். ஆனால் எங்கள் தெருவில் நிற்கும்போது எடுக்காது. துறைமுக வாசலைத் தாண்டி, கப்பல் படியில் கால் வைத்த பிறகுதான் எடுக்கும். அந்த வாசலுக்கு எதிரே நான் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, குடை விற்கிறேன். வெயிலடித்தால் ஒன்று, மழை பெய்தால் இன்னொன்று விற்றுவிடும். என்னைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் விஷயமில்லை. சொல்ல வந்தது பக்கத்துச் சாப்பாட்டுக்கடைக்காரியைப் பற்றி.

அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வெங்காயம் நறுக்கினால் எனக்குக் கண்ணீர் வரும். உறவு கொண்டாட அது போதாதா?

அவள் கடையில் நாலு மேசை. ஒரு பக்கம் மட்டும் திரும்பி, மறுபக்கம் திரும்ப மறுக்கும் மின்விசிறி. பின்னால் ஒருவர் குனிந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சமையலறை. சோறு, மீன், கோழி, முட்டை, சூப். மற்ற நாட்களில் மூட்டை தூக்குகிறவர்களும் கிரேன் ஓட்டுகிறவர்களும் சாப்பிட வருவார்கள். அதில் அடுப்பு எரியும், வாடகை போகும். விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கு அது காணாது. கப்பல் வந்து நிற்கிற நாளிலோ, தெரு முழுக்க அரைக்கால் சட்டைக் கூட்டமாக இருக்கிறதே என்று அவர்களும் வரமாட்டார்கள்.

கப்பல் நாளென்றால் தங்கச்சி விடியும் முன்பே வந்துவிடுவாள். மேசைகளுக்குத் துவைத்த விரிப்பு போடுவாள். குழம்பில் காரத்தைப் பாதியாகக் குறைப்பாள். கூடுதல் நாற்காலிகளை வெளியே போட்டுத் துடைத்துவிட்டு, வாசலில் நின்று சிரிப்பாள். கால் வலிக்க வலிக்கச் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜனங்கள் வருவார்கள். மீன் வறுபடுகிற வாசனை மூக்கில் ஏறியதும் நிற்பார்கள். கணவன் எட்டிப் பார்த்து, "ஆகா" என்று தலையாட்டுவான். மனைவி கையிலிருக்கும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பிறகு கப்பலைக் காட்டுவாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. குழம்புச் சட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைத் திட்டியும் பயனில்லை. டிக்கெட் வாங்கும்போதே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த காசை விட்டுவிட்டு வெளியே இன்னொரு தடவை கொடுக்க யாருக்கு மனசு வரும்? நமக்கு வருமா?

எனக்கு எரிச்சல் வருவது வேறு ரகத்து ஆட்கள்மேல். நிழல் தேடி அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து கப்பல் ரொட்டியையும் ஆப்பிளையும் எடுத்துத் தின்றுவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்பார்கள். தங்கச்சியும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ரொப்புறது அங்க, காலி பண்றது இங்கயா? நல்லா இருக்கும்மா உன் வியாபாரம்!"

"விடுங்கண்ணே. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அவள் கோபப்படாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் வேலை செய்வதே அந்தக் கப்பலில்தான். அதுவும் சமையலறையில். அடுப்பில் நிற்கிறவர் இல்லை, பழம் நறுக்குகிறவர். தர்பூசணியில் அன்னப்பறவை செய்வார். பப்பாளியில் பூ செய்வார். மதியச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் அதையெல்லாம் அடுக்கி வைப்பார்களாம். அதைப் பார்க்கவே ஜனங்கள் நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவரே ஒருமுறை என்னிடம் பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற தங்கச்சியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"உனக்கு எதிரி வேற யாரும் இல்லம்மா, மாப்பிள்ளைதான்" என்றேன். "நீ இந்தப் பக்கம் கூப்பிடுற, அவரு அந்தப் பக்கம் இழுக்குறாரு. புருஷன் பொண்டாட்டி சண்டையை ஊரான் வயித்துல வச்சுப் போடுறீங்க."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை. ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் கொலைப் பட்டினியோடு வருவார்கள் என்பதால், கரை சேர்ந்த நாளில்தான் கப்பலில் மதியச் சாப்பாடு பெரிதாக நடக்கும். சமையலறை ஆட்கள் ஒருவரையும் இறங்க விடமாட்டார்கள். ஜனங்கள் கரையில் சாப்பிட்டால்தான் அவரும் இறங்க முடியும். அவர்கள் கப்பலில் சாப்பிடுகிறவரை, சொந்த ஊரில் வந்து நின்றும் அவர் வீட்டுக்கு வர முடியாது. சாயங்காலம், பாத்திரங்கள் கழுவப் போனபிறகு, வெள்ளைச் சட்டையோடு வாசல்வரை ஓடி வருவார். கம்பிக் கதவோரம் நின்றபடி மகளைப் பற்றிக் கேட்பார், இவள் முட்டி வலியைப் பற்றிக் கேட்பார். பாதிப் பேச்சில் யாராவது கூப்பிடுவார்கள், ஓடிவிடுவார்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும் மாதங்களில் பாதி நாள் தூங்கியே கழிப்பார். எழுந்து நடமாட ஆரம்பிக்கும்போது அடுத்த ஒப்பந்தம் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் தங்கச்சி கேட்பாள், போதுமே என்று. "கடை கொஞ்சம் ஓடட்டும், அன்னைக்கே வந்துடறேன்" என்பார். தப்பாகவும் சொல்லவில்லை. ஓடாத கடையை நம்பி எவன் கப்பலை விடுவான்? ஆகவே அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கப்பல் ஜனங்கள் இறங்கிச் சாப்பிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒருமுறை, ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கப்பல் மறுபடி வந்தது. முந்தின ராத்திரி போனில், தலைமைச் சமையல்காரர் அடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறாயா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் சொன்னாராம். "நேர்ல பேசிக்கலாம், அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருக்கேண்ணே" என்றாள். அன்றைக்கும் விரிப்பு, நாற்காலி, சிரிப்பு. அன்றைக்கும் ஒருவன் குழம்பைப் படம் எடுத்தான். அவனுக்கு ஒரு தொப்பி விற்றேன், அதுவரைக்கும் லாபம்.

உச்சி வெயில் நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் கப்பலுக்குப் போனவர்கள், போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். எல்லார் முகத்திலும் கடுகடுப்பு. கப்பல் சமையலறையில் ஏதோ கோளாறாம், அடுப்பு ஒன்றுகூட எரியவில்லையாம். சரியாகும்வரை கரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், செலவைக் கம்பெனி தந்துவிடும் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மொத்தமே மூன்று சாப்பாட்டுக்கடை. முதலில் கண்ணில் படுவது தங்கச்சியின் கடை.

அப்புறம் நடந்ததைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். நாலு மேசையும் நிரம்பி, வெளி நாற்காலிகள் நிரம்பி, என் கடைப் படியில் இரண்டு பேர் தட்டோடு உட்கார்ந்தார்கள். தங்கச்சிக்குக் கை எது கால் எது என்று புரியவில்லை. நானும் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். என் ஆங்கிலத்துக்கு ஒருவன் சூப் கேட்டு மீன் தின்றான்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். அடுப்பு எரியாத சமையலறையில் ஆளுக்கு என்ன வேலை? இறங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். கப்பல் நிற்கிற நாளில் மத்தியான வெளிச்சத்தில் அவரை அந்தத் தெருவில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தங்கச்சி கரண்டியோடு திரும்பினாள், பார்த்தாள், வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து நாலு பேர் கையைத் தூக்கினார்கள்.

"உட்காருங்க, இதோ வந்துடறேன்" என்றாள்.

எங்கே உட்காருவது? நாற்காலி ஒன்றுகூடக் காலியில்லை. அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற வழக்கமான சத்தத்தைவிட மூன்று மடங்கு வேகமாக.

பொழுது சாய்கிறவரை அவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் பேசியது என்ன? "தட்டு." "உப்பு எங்க?" "கொஞ்சம் தள்ளுங்க." "சூடு, சூடு." இவ்வளவுதான். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பேசுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒருமுறை அவர், "அந்த விஷயம்..." என்று ஆரம்பித்தார். "ஒரு நிமிஷங்க" என்று அவள் சோற்றை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஓடும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கடை ஓடுகிறது அல்லவா? அவள் வேண்டிக்கொண்டது கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கூட்டம் கரைந்தபோது சட்டிகள் கவிழ்த்து வைக்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்துப்போயிருந்தன. மாப்பிள்ளையின் போன் ஒலித்தது. அடுப்பு சரியாகிவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் உடனே ஏற வேண்டும். அவர் கையைக் கழுவிக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

அப்போதுதான் தங்கச்சிக்கு உறைத்தது. "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

அவள் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். குழம்புச் சட்டியைப் பார்த்தாள். தெரிந்தும் மீன் தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பரவால்ல விடு. நான் கப்பல்ல போய்ச் சாப்பிட்டுக்கறேன்" என்றார் அவர். என்னைப் பார்த்து, "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். "ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் போட்டேண்ணே. அவருக்கு ஒரு வாய் எடுத்து வைக்கணும்னு தோணலையே எனக்கு. நான் என்ன பொம்பளை?"

நானும் உட்கார்ந்து அழுதால் வேலை நடக்குமா? "முட்டை ரெண்டு இருக்கு பாரு அங்க. ரொட்டி கிடக்கு. எந்திரி" என்று அதட்டினேன். அழுகையோடேயே முட்டையைப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, காகிதத்தில் சுற்றிக்கொண்டு அந்த முட்டியோடு ஓடினாள். கடைகளைத் திறந்துபோட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

அவர் வாசலைத் தொட்டுவிட்டார். என் குரலைக் கேட்டுத் திரும்பினார். பொட்டலத்தைப் பார்த்ததும் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். சமைத்த சாப்பாடு எதுவும் கரையிலிருந்து உள்ளே போகக் கூடாது, அது கப்பலின் சட்டமாம்.

"ஏம்ப்பா, மத்தியானம் உங்க ஜனங்க வயித்துக்குள்ள போனதும் இவ சமைச்சதுதானே, அது மட்டும் உள்ள போகலாமா?" என்று நான் எகிறினேன். அவன் பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவன், தரையைப் பார்த்தான். பிறகு, "இங்கயே நின்னு சாப்பிட்டுட்டுப் போகட்டும், நான் பார்க்கல" என்றான்.

மாப்பிள்ளை கம்பிக் கதவில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். பசி அப்படி. கப்பலுக்குத் திரும்பும் ஜனங்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலர் தங்கச்சியை அடையாளம் கண்டு, வயிற்றைத் தடவிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவளும் தலையாட்டினாள்.

"என்னங்க, பார்த்தீங்கல்ல இன்னைக்கு?" என்றாள். "அடுப்பு ரிப்பேர்னாலதான் வந்தாங்க, எனக்கும் தெரியும். ஆனா வந்தவங்க சாப்பிட்டாங்கல்ல? மறுபடி கேட்டாங்கல்ல? நாம ரெண்டு பேரும் நின்னா ஓட்டிடலாங்க. உங்க தலைமைச் சமையல்காரருகிட்ட வரலைன்னு சொல்லிடுங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இருந்ததை விழுங்க நேரம் பிடித்தது.

"காலையிலயே சரின்னு சொல்லிட்டேன்மா" என்றார். "அடுப்பு நின்னதே அதுக்கப்புறம்தான். பிடிச்சு நிறுத்தி இப்பவே சொல்லுன்னாரு. மேல்தளத்துலேர்ந்து பார்த்தேன், உன் கடை நாற்காலியெல்லாம் சும்மா கிடந்துச்சு. என்னைக்கும்போலதான்னு நினைச்சு..."

மிச்சத்தை வேகவேகமாக வாய்க்குள் தள்ளினார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கப் பயந்து காவலாளியின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்துவாள், குறைந்தபட்சம் ஒரு வார்த்தையாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் முந்தானையால் அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள்.

"மெதுவா சாப்பிடுங்க, புரையேறிடப் போகுது" என்றாள்.