எண்ணெய்த் தலைக்கு அனுமதி இல்லை

சாராளின் ஆய்வகக் கதவில் இப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கும். தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் அவள் பேராசிரியை. எழுதியும் நம்பமாட்டாள், உள்ளே வருகிறவர்களைக் குனியச் சொல்லி, தலையை முகர்ந்து பார்ப்பாள்.

நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு, லிப்பிட் என்னும் கொழுப்புகளால் ஆனது. அதற்கு மாதிரியாகத் தொட்டித் தண்ணீரின் மேல் இரண்டு லிப்பிட்களைக் கலந்து மெல்லிய படலமாகப் பரப்புவாள். ஒன்று கொலஸ்ட்ரால். மின்சார ரயிலில் காலைப் பரப்பி உட்கார்ந்தவர், பக்கத்தில் ஆள் வந்ததும் ஒடுங்கிக்கொள்வாரே, அப்படி அது வந்ததும் மற்றது ஒடுங்கும். அந்த ஒடுக்கத்தை அளப்பதுதான் அவள் வேலை. துளி எண்ணெய் கலந்தாலும் அளவு கெட்டுவிடும்.

தீபாவளிக்கு மறுநாள், லிப்பிட்டை விடும் முன்பே தண்ணீரில் ஏதோ படலம் இருப்பதாகக் கருவி காட்டியது.

"ஹேமா! நேத்து எண்ணெ தேச்சுதானே குளிச்ச? குனி!"

மாணவி ஹேமாவதி குனிந்தாள். ஷாம்பு வாசனைதான் வந்தது.

"உங்க க்ளவுஸை மோந்து பாருங்க மேடம்."

முகர்ந்தாள். நெய் மணத்தது. ஹேமாவதி கொடுத்த அதிரசத்தைத் தின்ற கையோடு கையுறையை மாட்டி, தொட்டியையும் துடைத்திருக்கிறாள்.

"நெய்யும் லிப்பிட்தானே மேடம், நமக்கு முன்னாடியே பரவிடுச்சு."

சாராள் முறைத்தாள். பிறகு உறைகளைக் கழற்றி எறிந்தாள்.

"எப்படியும் தொட்டியக் கழுவணும். இன்னொரு அதிரசம் குடு."