குரல் இருக்கு, பேச்சு இல்ல

ஆறி அரைமணியான காபியை அக்கா ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறார். கண் திரையில் இருக்கிறது. அங்கே எண்கள் ஒரு வரி வந்து, நின்று, யோசித்து, அப்புறம் அடுத்த வரி வருகிறது. "வா வா, மெதுவாவே வா. யாரு உன்னை விரட்டுறா?" என்கிறார். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கொஞ்சல் தனக்கில்லை என்பது அவருக்கு எப்போதோ பழகிவிட்டது.

அக்கா கொஞ்சுவது ஒரு விண்கலத்தை. அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஏவியது. வியாழனைக் கடந்தது, சனியின் வளையங்களைப் படம்பிடித்தது. பார்க்கச் சொன்ன கிரகங்களெல்லாம் தீர்ந்த பிறகும், சூரியக் காற்றே எட்டாத வெளியில் போய்க்கொண்டே இருக்கிறது. காமிராவை அணைத்துப் பல வருஷமாயிற்று. சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் துகள்களையும் அளந்து எண்ணாகச் சொல்வது ஒன்றுதான் இப்போது அதற்கு மிச்சமிருக்கும் வேலை. அலுவலகத்தில் எல்லாரும் 'கலம்' என்பார்கள். அக்காவுக்கு அது 'புள்ள'. "என்னை விடப் பத்து வயசுதான் சின்னது, பேரு மட்டும் புள்ள" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பதில் வர இன்னொரு நாள். இந்த நிதானம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கேட்ட மாத்திரத்தில் பதில் வேண்டும் அவருக்கு. "சாயங்காலம் கடைக்குப் போலாமா?" என்று அவர் கேட்டால், மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அக்கா, "போலாமே" என்பார்.

"போயிட்டு வந்தாச்சு, தாயே."

போன வருஷம் ஒரு காலையில் புள்ளையின் பேச்சு கெட்டது. ரேடியோ அலை வந்தது, வலுவாகவே வந்தது. ஆனால் உள்ளே சரக்கு இல்லை. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி, எதையும் குறிக்காமல், ஓயாமல் வந்துகொண்டிருந்தன. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை பார்த்தார்.

"குரல் இருக்கு. பேச்சு இல்ல" என்றார்.

கூட்டம் கூடியது. ஒருவர் ரேடியோவில் கோளாறு என்றார். அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். ரேடியோ கல்லுமாதிரி இருக்கிறது, எண்களைக் கோத்து அனுப்பும் கணினிதான் போய்விட்டது என்றார் இன்னொருவர். அக்கா அதற்கும் தலையாட்டினார். மூன்றாமவர் இரண்டும் இல்லை என்று ஆரம்பித்தபோது அக்காவின் தலை மறுபடி ஆடக் கண்டு, திட்டத் தலைவருக்குப் பொறுமை போயிற்று.

"அக்கா, ஏதாவது ஒண்ணைத் தெளிவாச் சொல்லுங்க."

"தெளிவாவே சொல்றேன் சார். எனக்கு ஒண்ணும் புரியல."

மாதம் முடிந்தால் பெரிய ஆண்டெனா வேறொரு புதுக் கலத்துக்குப் போய்விடும். அப்புறம் புள்ள என்ன சொன்னாலும் கேட்க ஆளிருக்காது. எல்லாவற்றையும் ஒரு தடவை அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கலாம் என்றார் தலைவர். அணைந்த நேரத்தில் கலம் பூமியின் திசையை விட்டுத் திரும்பிவிட்டால் கதை முடிந்தது.

"தூங்குற புள்ளைய எழுப்பலாம் சார். மயங்கிக் கிடக்கிற புள்ளையப் போட்டு உலுக்கலாமா?" என்றார் அக்கா. சொல்லி வாய் மூடுவதற்குள், உலுக்கத்தான் வேண்டுமோ என்று அவருக்கே தோன்றிவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கினார். கலத்தின் கணினி தன் நிரலில் ஒரு பகுதியைத் தாண்டிப் போகட்டும். கெட்டது அங்கேதான் என்றால் பேச்சு திரும்பும். எந்தப் பகுதி என்பதில்தான் சிக்கல். காலையில் ஒன்றைச் சொன்னார், சாப்பிட்டுவிட்டு வந்து வேறொன்றைச் சொன்னார், அனுப்பும்போது மூன்றாவதை அடித்து அனுப்பினார்.

"ஏன் அந்தப் பகுதி?" என்றார் தலைவர்.

"மத்ததெல்லாம் இன்னும் பயமா இருந்துச்சு."

பதில் வரும்வரை அக்கா இருப்புக்கொள்ளாமல் நடந்தார். கணவரின் காபியில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்தது. அவர் முகம் கோணாமல் குடித்துவிட்டுக் கேட்டார்: "எதுக்கு இப்படிக் கிடந்து தவிக்கிற? அது வெறும் இரும்பு."

"அலுமினியம்."

"சரி, அலுமினியம்."

"அவ்வளவு தூரம் போன்னு சொன்னது நாமதானேங்க. இப்ப அது என்னமோ சொல்ல வருது, எனக்கு விளங்கல. விளங்கலன்னு ஃபோனை வச்சுடறதா?"

கணவர் மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "வைக்காத" என்றார்.

பதில் வந்தது. பழைய உளறல்தான். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் உளறல் வேறு மாதிரி இருந்தது. அக்கா அதைச் சுட்டிக்காட்டினார், அவ்வளவுதான். அது என்னவென்று பிரித்துச் சொன்னவர் ரேடியோமேல் பழி போட்ட அதே நிபுணர். கலம் தன் நினைவகத்தில் உள்ளதை ஒன்று விடாமல் கொட்டியிருந்தது. பழைய பிரதியோடு ஒப்பிட்டதில், ஒரு மூலை மட்டும் உளுத்துப்போயிருந்தது தெரிந்தது. ஆண்டெனாவுக்குத் தவணை நீட்டினார்கள். உளுத்த மூலையில் இருந்ததைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றும் வேலை தொடங்கியது.

அக்கா தாண்டச் சொன்ன பகுதியில் ஒரு குறையும் இல்லை. தாண்டச் சொன்னால் எதற்கு எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்பதும் யாருக்கும் பிடிபடவில்லை. தலைவர் தன் அறிக்கையில் 'நீண்ட அனுபவத்தின் பலன்' என்று எழுதியிருந்தார். அக்கா அவர் அறைக்கே போய்விட்டார்.

"அதை அடிச்சிடுங்க சார். குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லு அது."

"மாங்கா விழுந்துச்சே அக்கா."

"விழுந்துச்சு. ஆனா நான் எறிஞ்சது பக்கத்து வீட்டு மரத்துக்கு. இது ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

மாற்றும் வேலை முடிந்து, கலம் பேச வேண்டிய நாள் வந்தது. அறையில் நிற்க இடமில்லை. திரை கொஞ்சநேரம் வெறிச்சென்றிருந்தது. பிறகு முதல் வரி வந்தது. ஒழுங்கான எண்கள். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. யாரோ விசிலடித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறை அதிரக் கைதட்டல் எழுந்தது.

அக்கா தட்டவில்லை. காந்தப்புலத்தின் எண் அவருக்கு உதைத்தது. பேச்சு கெடுவதற்கு முன் இருந்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கருவி பிசகிவிட்டதா, இல்லை அங்கே நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா? அடுத்த வரியிலும் அப்படியே வந்தது.

"இது என்னடா புதுசா?" என்று முனகியபடி, அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் உயர்த்தி, அத்தனை பேரின் கைதட்டலையும் அமர்த்தினார்.