செதில்புழுவுக்கு வைத்த பெயர்

சான் டியேகோவில் எங்கள் அருங்காட்சியகத்தில் கடற்புழுக்களை இனம் பிரித்துப் பெயர் வைப்பவர் லோர்னா டிவீட். ஆய்வுக் கப்பலில் போய் ஆழ்கடலிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு செதில்புழு, தெரிந்த எந்த இனத்திலும் அடங்கவில்லை. தாடையே வேறு மாதிரி இருந்தது.

செய்தி கேட்டு இயக்குநர் வீலன் அவர் மேசைக்கே வந்துவிட்டார்.

"நம்ம கப்பலுக்குப் பணம் குடுக்கிறவர் பேரை வெச்சிடுங்க லோர்னா. மனுஷன் ரொம்ப ஆசைப்படறார்."

"ஒரு நாய்க்குட்டி வாங்கி அதுக்கு வெச்சுக்கட்டும்."

"விளையாடாதீங்க. அடுத்த பயணத்துல உங்களுக்கு இடம் வேணாமா?"

லோர்னா நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். "இது புது இனம்னு கண்டுபிடிச்சது நான். பேரும் நான்தான் வைப்பேன்."

அந்தப் பயணத்தில், நடுக்கடலில் புழுக்களை வைத்திருந்த குளிர்பெட்டி பழுதானபோது, தன் ஐஸ்கிரீமையெல்லாம் மாலுமிகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, அது இருந்த பெட்டியைப் புழுக்களுக்கு விட்டுத் தந்தவர் கப்பல் சமையற்காரர் ருஃபினோ சால்செடோ. லோர்னா அவர் பெயரையே வைத்துக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பினார். முறைப்படி அச்சேறிவிட்ட பெயரை எந்த இயக்குநராலும் மாற்ற முடியாது.

ருஃபினோ தொலைபேசியில் கத்தினார். "போயும் போயும் புழுவுக்கா என் பேரு? பார்க்கவாவது நல்லா இருக்குமா?"

"உன்னைவிட அழகுடா. வெளிச்சம் பட்டா பச்சையும் ஊதாவுமா மினுங்கும்."

சொன்னபடியே அடுத்த பயணத்தில் லோர்னாவுக்கு இடமில்லை. கப்பல் கிளம்பிய அன்று வீலன் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வருத்தமா?"

"இல்லாம என்ன? ஆனா பேர் வைக்காத புழு அலமாரி நிறைய இருக்கு. உங்க ஆள் பேர் அதுல ஒண்ணுக்கும் கிடையாது. கதவைச் சாத்திட்டுப் போங்க."