தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார ஒரு கவுன்சலர்

கவுன்சலிங் சென்டரின் முன்மேசையில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: இங்கே யாரும் தனக்காக வருவதில்லை. கணவனுக்குக் கோபம் அதிகம் என்று மனைவி வருவாள், மருமகள் சரியில்லை என்று மாமியார் வருவார். போன் எடுப்பது, நேரம் கொடுப்பது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள், பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்வலிக்காரர்கள்

எங்கள் சென்டர் நாகர்கோவிலில், கோட்டாறுக்குப் போகும் வழியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே பல் டாக்டர் இருப்பது எங்களுக்குப் பெரிய உபகாரம். தெரிந்தவர் கண்ணில் படாமல் ஒரு தெருவைத் தாண்ட முடியாத ஊர் இது. அதனால் முக்கால்வாசிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார்கள். மாடி திரும்பியதும் கையை எடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் சம்பந்திகள் இரண்டு பேர் எங்கள் பெஞ்சில் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டார்கள். இருவர் கையும் ஒரே நேரத்தில் கன்னத்துக்குப் போனது. கடைவாய்ப்பல்லைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். நான் பெயர் சொல்லாமல் டோக்கன் நம்பரை மட்டும் கூப்பிட்டேன். போகும்போது ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "இங்க மாடியில நல்லா பாக்காவ. பல்ல தொடவே மாட்டாவ."

எல்லாம் உண்டு, வாங்க

இங்கே வருவதற்கு முன் நான் பதினோரு வருஷம் ஜவுளிக்கடையில் இருந்தவள். அங்கே 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. கேட்ட நிறம் இல்லாவிட்டால் வேறு நிறத்தை விரித்துப்போட்டு, இதுதான் இப்போது ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். அந்த வாயோடுதான் ஷீபாவின் போனை எடுத்தேன்.

ஷீபாவுக்குத் தேங்காய்ப்பட்டணம். குவைத்தில் நர்ஸ். மகள் ஜெனிக்கு எட்டு வயது. இரண்டு வயதிலிருந்து வளர்த்தது ஷீபாவின் தங்கை, அதாவது பிள்ளைக்குச் சித்தி. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது பிள்ளை மரியாதையாக சாக்லேட்டை வாங்கிக்கொள்ளுமாம், அம்மா என்று கூப்பிடுமாம், தூக்கம் வந்தால் மட்டும் சித்தியிடம் போய்விடுமாம். கீழே விழுந்தாலும் ஓடுவது சித்தியிடம்தான். இதற்கென்றே அட்டாச்மென்ட் தெரப்பி என்று ஒன்று இருக்கிறதாம், இணையத்தில் தேடிப் படித்திருக்கிறாள். உங்கள் கவுன்சலர் அதைப் படித்தவரா என்று கேட்டாள். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. எங்கள் மேடம் எல்லாம் பார்ப்பார்கள், வாங்க என்றேன். அவள் விடவில்லை: "எல்லாம் பாக்குறவிய நெறைய இருக்காவ அக்கா. எனக்கு இதப் பாக்குறவிய வேணும்."

அதற்கும் உண்டு என்று சொல்லி நேரம் கொடுத்துவிட்டேன்.

மேடம் சொன்னது

இரண்டு மாத லீவின் முதல் வாரத்தில் ஷீபா ஜெனியோடு வந்தாள். பிள்ளை இரட்டைச் சடையில், நாற்காலியின் நுனியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரம் பேசிவிட்டு மேடமே வெளியே வந்து விளக்கினார். அந்தச் சிகிச்சையில் பிள்ளையை மட்டும் சரிசெய்வதில்லை. பிள்ளையும் தாயும் ஒரே அறையில் இருப்பார்கள். பிள்ளை எப்போது நெருங்குகிறது, எப்போது விலகுகிறது என்று தாய்க்குப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், அது எனக்கு இல்லை, அரைகுறையாகச் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஷீபா என்னைத் திட்டவில்லை. சரி அக்கா என்று சொல்லிவிட்டு பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேடம் சாயங்காலம் கிளம்பும்போது சொன்னார்: "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு இருபது வருஷம் ஆச்சு. நீங்க நாளைக்கே ஆரம்பிச்சிருங்க."

அஞ்சே சிட்டிங்

நானே தேடித் தருகிறேன் என்று ஷீபாவுக்கு வாக்குக் கொடுத்தேன். கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை மேடம் எழுதிக் கொடுத்தார். இதை எங்கே கற்றீர்கள்? தாய் கூடவே அறையில் இருப்பாரா? பிள்ளை கிட்டே வராவிட்டால் என்ன செய்வீர்கள்? எத்தனை நாள் ஆகும்?

நான்கு நாள் போனும் கையுமாக இருந்தேன். எடுத்த எல்லோருமே செய்கிறோம் என்றார்கள். போனின் மறுமுனையில் எல்லோரும் ஜவுளிக்கடையிலிருந்து வந்தவர்களாகவே பட்டார்கள். ஒருவர் பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். இன்னொருவர் கூடவே ஞாபகசக்திப் பயிற்சியும் உண்டு என்றார். திருவனந்தபுரத்தில் ஒருவர் நன்றாகப் பதில் சொன்னார், ஆனால் அவரிடம் மூன்று மாதத்துக்கு இடமில்லை. கடைசியாகப் பேசிய மனிதருக்குத்தான் தன்னம்பிக்கை அதிகம்: "பாசந்தானே மேடம்? அஞ்சே சிட்டிங்ல வரவச்சிரலாம். பிள்ளைக்க போட்டோ ஒண்ணு வாட்சப்ல அனுப்புங்க."

மார்த்தாண்டத்து அம்மா

ஐந்தாம் நாள் மார்த்தாண்டத்தில் ஒரு கவுன்சலர் அம்மா கிடைத்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் ஓயவே இல்லை. அதற்கு நடுவில் அவர் அவசரமே இல்லாமல் பேசினார். எங்கே கற்றார், இப்போதும் யாரிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிறார் என்று சொன்னார். தாய் கண்டிப்பாக அறையில் இருக்க வேண்டும். பிள்ளை கிட்டே வராவிட்டால் காத்திருப்போம், இழுத்து மடியில் உட்கார வைக்கமாட்டேன். எத்தனை நாள் ஆகும்? தெரியாது, பார்க்காமல் சொல்ல முடியாது.

தெரியாது என்ற சொல்லைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். உடனே நேரம் கேட்டேன். கொடுப்பதற்கு முன் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், பிள்ளையை இத்தனை நாள் வளர்த்தது யார் என்று. சித்தி என்றேன். "அப்போ அந்தச் சித்தியையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மொத நாளே."

நாற்பது நாள் கணக்கு

சித்தியும் வர வேண்டும் என்று சொன்னதும் ஷீபா முடியாது என்றாள். பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. லீவுக்கு வந்ததும் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். சித்தி வரக்கூடாது, போனிலும் பேசக்கூடாது. சொந்தக்காரர்கள் சொன்ன யோசனை. பால் மறக்கவைக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுவது போல, நாற்பது நாள் சித்தியைக் கண்ணில் காட்டாதே, தானாக உன்னிடம் ஒட்டிக்கொள்ளும் என்றார்களாம். எங்கள் பக்கத்தில் கல்ஃபிலிருந்து வருகிற தாய்மாருக்கு எல்லோரும் சொல்லுகிற வைத்தியம் இது. என் பிள்ளை என்னிடம் ஒட்டுவதற்கு அவள் துணை எனக்கு எதற்கு என்று ஷீபா கோபமாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, சோறு மட்டும் பாதியில் மிச்சம் வைக்கிறதாம். தலை சீவிவிடும்போது குனிந்த தலையோடு ஒன்றே ஒன்று கேட்டதாம். அதை ஷீபா அப்படியே எனக்குச் சொன்னாள்: "சித்திக்கு எனக்கிட்ட பிணக்கமாம்மா? நான் என்ன செஞ்சேன்?"

மார்த்தாண்டத்துக்கு மூன்று பேருக்கும் சேர்த்து நேரம் வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டி

ஐந்து வாரம் கழித்து ஷீபாவும் தங்கையும் சேர்ந்து எங்கள் படியேறி வந்தார்கள். தங்கை கையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து. அவளை அன்றுதான் பார்க்கிறேன். அக்காவை விட ஒல்லி, அதிகம் பேசாதவள். முதல் இரண்டு வாரம் பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கவில்லையாம். ஷீபாவுக்குக் கொடுத்த வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பார்ப்பது மட்டும். அது நர்ஸ் வேலையை விடக் கஷ்டமாக இருந்தது என்றாள். மூன்றாம் வாரம் பிள்ளை ஒரு காலை அம்மாவின் மடியில் நீட்டிக்கொண்டு படம் வரைந்ததாம்.

லீவு முடிகிறதே என்று கேட்டேன். ஷீபா சிரித்தாள், கூடவே கண்ணைத் துடைத்தாள். எத்தனையோ தடவை பிள்ளை வாசலில் நின்று சிரித்துக்கொண்டே டாட்டா காட்டி அனுப்பியிருக்கிறதாம். இந்தத் தடவை அப்படி இல்லை. பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு குவைத்துக்கு எழுதியாகிவிட்டதாம். அதற்குள் இங்கேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்குமா என்று பார்க்கப்போகிறாள். என்ன நடந்தது என்று அவளே சொன்னாள்: "நான் அடுக்கி வச்ச பெட்டியத் தொறந்து, எனக்க துணியெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வெளிய போட்டா அக்கா. போவாதன்னு சொல்லி எனக்க கழுத்தப் பிடிச்சிட்டு அழுதா. ஆறு வருசத்துல மொத தடவ."

பிள்ளை அழுதது என்று சொல்லிப் பலகாரத்தோடு நன்றி சொல்ல வருகிறவர்கள், எனக்குத் தெரிந்து இந்த ஒரு தொழிலில்தான் இருக்கிறார்கள்.